ரத்த அறிக்கை யார் கைக்குப் போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தபோது, 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்ற அறிவிப்பும் சேர்ந்தே வந்தது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. நாற்பத்தைந்து வயதாகியும் ஒருமுறைகூட சர்க்கரை பார்த்திராத வெல்டர்களும் தையல்காரர்களும் நம் ஊரில் ஏராளம். ஆனால் எடுக்கப்படும் ரத்தத்தின் முடிவு யாருக்குப் போகும், யார் யார் படிப்பார்கள், எந்தக் கணினியில் எத்தனை ஆண்டு கிடக்கும் என்பதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

ஐ.டி. நிறுவனங்களில் இது 'வெல்னஸ்' என்ற பெயரில் பல ஆண்டுகளாக நடக்கிறது. ரத்தப் பரிசோதனை முகாம், நடைப்போட்டி, மன அழுத்தக் கணக்கெடுப்பு, கவுன்சலிங்குக்குத் தனி எண் என்று எல்லாம் உண்டு. ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் பழகிப்போன தவறுகள் அப்படியே தொழிற்சாலை ஊர்களான அம்பத்தூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சேர்வதற்கு முன் அவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது. பெரிய செலவும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முகாமிலிருந்தே தொடங்கலாம். கேன்டீனில் மேசை போட்டு, வரிசையில் நிற்க வைத்து, உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். ஒருவர் அளந்து சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்கிறார். "நூற்றி அறுபது, நூறு" என்பது பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் கேட்கிறது. பக்கத்தில் மேலாளர் நின்றால் அவருக்கும் கேட்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு முறை அளக்க வேண்டும் என்பது பாலபாடம். மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, நின்று களைத்த ஒருவருக்கு ஒரே ஒரு முறை அளந்தால் வரும் எண் மருத்துவத்துக்கும் பயன்படாது. ஒரு திரைச்சீலையும் இரண்டு நாற்காலியும் போதும், இந்தக் குறை தீர்ந்துவிடும். அளந்தவரே எழுதட்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

அடுத்து ரத்தம். ஊதா மூடிக் குழாயில் 2, 3 மில்லி: அணுக்களின் எண்ணிக்கைக்கும், மூன்று மாத சர்க்கரைச் சராசரிக்கும். சாம்பல் மூடிக் குழாயில் 2 மில்லி: அன்றைய சர்க்கரைக்கு. மஞ்சள் மூடிக் குழாயில் 3 முதல் 5 மில்லி: கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரலுக்கு. மூன்று குழாய்களிலும் ஸ்டிக்கர் ஒட்டப்படும். அந்த ஸ்டிக்கரில் பெயர், வயது, அதோடு ஊழியர் எண் இருக்கும். எல்லா வம்பும் அந்த ஊழியர் எண்ணில்தான் தொடங்குகிறது. வருகைப்பதிவு, விடுப்பு, சம்பள உயர்வு, மதிப்பீடு எல்லாம் மனிதவளப் பிரிவில் இதே எண்ணின் கீழ்தான் இருக்கின்றன. ஆய்வகம் அனுப்பும் எக்செல் தாளிலும் இதே எண் இருந்துவிட்டால் இரண்டு தாள்களை எண்ணை வைத்துப் பொருத்தும் 'வி-லுக்கப்' என்ற ஒரே கட்டளையில் சர்க்கரை அளவும் சம்பள உயர்வும் ஒரே வரியில் வந்து நிற்கும். யாரும் திட்டமிட்டுக் கெடுதல் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆட்குறைப்பு சமயத்தில் ஒருவர் அந்தத் தாளைத் திறந்தாலே போதும்.

ஆகவே ஆய்வகம் தன் சொந்த வரிசை எண்ணை மட்டும் ஸ்டிக்கரில் இட வேண்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஆய்வகத்திலேயே இருக்க வேண்டும். அறிக்கையைச் சோதனை செய்துகொண்டவரின் சொந்தக் கைபேசிக்கு, ஓ.டி.பி. போட்டால் மட்டும் திறக்கும் இணைப்பாக அனுப்ப வேண்டும். இன்று பல இடங்களில் முந்நூறு பேரின் பி.டி.எஃப். கோப்புகள் ஒரே மூட்டையாக மனிதவளப் பிரிவின் மின்னஞ்சலுக்குப் போகின்றன. கடவுச்சொல் போட்டிருக்கிறோம் என்பார்கள். அது பிறந்த தேதியாக இருக்கும். அந்தப் பிறந்த தேதி அதே பிரிவின் கோப்பில்தான் இருக்கிறது.

மனிதவளப் பிரிவுக்கு ஏன் அனுப்புகிறார்கள் என்று ஆய்வகத்தாரைக் கேட்டால் கிடைக்கும் பதில் மிகச் சாதாரணமானது: பில் பாஸாக வேண்டும். முந்நூறு பேருக்குச் சோதனை செய்தோம் என்பதற்குக் கணக்குப் பிரிவு சான்று கேட்கிறது. அறிக்கைகளையே சான்றாக வைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வகத்துக்கு நிறுவனம் தரும் பணி ஆணையிலும் "அனைத்து அறிக்கைகளையும் மனிதவளப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும்" என்ற வரி வருடாவருடம் நகலெடுத்து ஒட்டப்பட்டு வரும். இந்த வரியை எடுத்துவிட்டு, "சோதனை செய்துகொண்டவர்களின் கையொப்பப் பட்டியலும் மொத்த எண்ணிக்கைச் சான்றும் தந்தால் பில் ஏற்கப்படும்" என்று எழுதினால் கணக்குப் பிரிவுக்கும் திருப்தி. ஒப்பந்தம் போடும் நாளிலேயே இதைச் செய்ய வேண்டும்; முகாம் முடிந்தபின் யாரும் ஆணையைத் திருத்தப் போவதில்லை.

"ஒருவருக்குச் சர்க்கரை 450 என்று வந்தால் நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் ஆய்வகம் அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வது நல்ல ஆய்வகங்களின் நடைமுறை. அந்த அழைப்பு முதலில் அவருக்குப் போக வேண்டும். அவர் எடுக்காவிட்டால் நிறுவனத்தின் மருத்துவருக்கு. மேலாளர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வேலையின் ஆபத்துக்காகச் செய்யும் பரிசோதனை வேறு. பொது ஆரோக்கியத்துக்காகச் செய்யும் பரிசோதனை வேறு. பேட்டரித் தொழிற்கூடத்தில் ரத்தத்தில் உள்ள ஈயத்தின் அளவு, வார்ப்பாலையில் நுரையீரல் திறன், அழுத்த இயந்திரங்கள் அலறும் கூடத்தில் காது கேட்கும் திறன், கிரேன் ஓட்டுபவருக்குக் கண் பார்வை, உயரத்தில் ஏறுபவருக்கு வலிப்பும் தலைச்சுற்றலும் இருக்கிறதா என்பவை முதல் வகை. இவற்றைச் செய்யாமல் இருக்க முடியாது. தொழிலாளி மறுத்தாலும் விட முடியாது, ஏனென்றால் தவறினால் அவர் உயிரும் பக்கத்தில் நிற்பவர் உயிரும் போகும். கொழுப்பு எவ்வளவு, தைராய்டு எவ்வளவு, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்பவை அப்படியல்ல. மென்பொருள் எழுதுபவரின் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் அளவைத் தெரிந்துகொண்டு நிர்வாகம் செய்யக்கூடிய பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லை.

நடைமுறையில் இது தலைகீழாக நடப்பதுதான் வேதனை. போபால் துயரத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41-சி பிரிவிலேயே, ஆபத்தான தொழில்முறைகளில் வேலை செய்பவர்களின் சுகாதாரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும், 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும், அந்தப் பதிவேடு தொழிலாளிக்குப் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் தன் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லத் தெரிந்த பேட்டரித் தொழிலாளியைப் பார்ப்பது அரிது. தொழிலாளி அவசியம் அறிய வேண்டியது அவர் கைக்கு வருவதில்லை. நிர்வாகத்துக்குத் தேவையே இல்லாத கொழுப்புக் கணக்கு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

வேலை சார்ந்த பரிசோதனையிலும்கூட நிர்வாகத்துக்குப் போக வேண்டியது மூன்றில் ஒரு பதில்தான்: இந்த வேலைக்குத் தகுதி, இன்ன கட்டுப்பாட்டுடன் தகுதி, இத்தனை நாளைக்குத் தகுதியில்லை. "உயரத்தில் ஏற வேண்டிய வேலை மூன்று மாதத்துக்கு வேண்டாம்" என்பது போதும். காரணம் வலிப்பா, காதில் உள்ள கோளாறா, சாப்பிடும் மாத்திரையா என்பது மருத்துவருக்கும் அவருக்கும் இடையே நிற்க வேண்டும். தொழிற்சாலை மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம்தான். இருந்தாலும் நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நெறிமுறைகளின்படி அவருடைய கடமை. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்ற விலக்குகள் உண்டு. "மேனேஜர் கேட்டார்" என்பது அந்த விலக்குகளில் இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய அறிக்கை கான்ட்ராக்டர் வழியாகப் போகிறது. சில இடங்களில் வாட்ஸ்அப் குழுவிலேயே போடப்படுகிறது. ரத்த அழுத்தம் கூடியவரிடம் அடுத்த மாதம் "ஆள் தேவையில்லை" என்று சொல்லிவிடக் கான்ட்ராக்டருக்கு ஒரு வரிகூட எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இதை அறிந்தே முகாம் நாளில் காலை மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தனக்குப் பதில் தம்பியை ரத்தம் கொடுக்க அனுப்புகிறவர்களும் உண்டு. அன்றைக்கு மட்டும் லீவு போடுகிறவர்கள் அதிகம். அறிக்கை வெளியே போகும் என்ற பயம் இருக்கும்வரை முகாமே நோயைக் கண்டுபிடிக்காது.

சோதனைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். "கம்ப்ளீட் பேக்கேஜ், 72 அளவீடுகள்" என்று ஆய்வகம் தரும் தொகுப்பில் என்னென்ன இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஒப்புதல் படிவத்தில் "தேவையான பரிசோதனைகளுக்குச் சம்மதிக்கிறேன்" என்ற ஒரு வரி இருந்தால் அதை ஏற்கக் கூடாது. சோதனைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும், வேண்டாததை அடித்துவிட இடம் இருக்க வேண்டும். எச்.ஐ.வி. சோதனைக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி விளக்கிச் சொல்லிப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, வேலைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். பெண்களுக்கான கர்ப்பச் சோதனை, போதைப்பொருள் சோதனை ஆகியவையும் சொல்லாமல் சேர்க்கப்படக் கூடாதவை. சிறுநீர்க் கிண்ணத்தைக் கையில் கொடுக்கும்போது "இது எதற்கு?" என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நடைப்போட்டிக்குத் தேவை காலடி எண்ணிக்கை மட்டும். ஆனால் செயலி நிறுவும்போது இருப்பிடம், தொடர்பு எண்கள், இதயத் துடிப்பு, தூக்கம், மாதவிடாய்ச் சுழற்சி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுமதி கேட்கும். நாமும் அவசரத்தில் 'அனைத்தும்' என்பதைத் தொட்டுவிடுகிறோம். ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் 'ஹெல்த் கனெக்ட்' என்று தேடினால் எந்தச் செயலி எந்தத் தகவலைப் படிக்கிறது என்ற பட்டியல் தனித்தனியாக வரும். காலடி தவிர மற்றதை அணைத்துவிடலாம். ஐபோனில் 'ஹெல்த்' செயலிக்குள் நம் படத்தைத் தொட்டால் 'ஆப்ஸ்' என்ற இடத்தில் இதே வசதி இருக்கிறது. பதிவு செய்யும்போது அலுவலக மின்னஞ்சல் வேண்டாம், சொந்த மின்னஞ்சல் கொடுங்கள். வேலையை விட்ட பிறகும் கணக்கு உங்கள் கையில் இருக்கும். கர்ப்ப காலத்தில் ஓய்வுநிலை இதயத் துடிப்பு கூடும். வீட்டுக்கே சொல்வதற்கு முன் அந்த வரைபடம் நிறுவனத்தின் கணினிப் பலகையில் (டாஷ்போர்டில்) ஏறுவதற்கான வழி இப்படித்தான் திறக்கிறது.

மனநலக் கணக்கெடுப்பு இதைவிட மென்மையாகக் கையாள வேண்டியது. பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ.-9 என்ற படிவத்தில் ஒன்பது கேள்விகள். மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. இது சிகிச்சைக்கு வந்தவர் நிரப்பி, மருத்துவர் பார்க்க வேண்டிய படிவம். இதை மனிதவளப் பிரிவு "பெயர் தேவையில்லை" என்று சொல்லி மின்னஞ்சலில் அனுப்புகிறது. ஒவ்வொருவருக்கும் வரும் இணைப்பின் முகவரியில் ஒரு நீண்ட எண்-எழுத்துக் கோவை இருக்கும். பக்கத்து இருக்கைக்காரருக்கு வந்த இணைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் யார் எதை நிரப்பினார் என்று கண்டுபிடிக்க முடியும் என்று பொருள். எல்லோருக்கும் ஒரே இணைப்பு, அலுவலகக் கணக்கில் நுழையாமலே திறக்க வேண்டும். அப்போதுதான் பெயரில்லாத கணக்கெடுப்பு. உண்மையிலேயே பெயரில்லாமல் நடத்துவதானால் ஒன்பதாவது கேள்வியைக் கேட்கக் கூடாது, ஏனென்றால் "ஆம்" என்று எழுதுபவரைத் தேடிப்போய் உதவ வழியில்லை. கேட்பதாக இருந்தால் அன்றைக்கே பேச ஒரு மனநல மருத்துவர் தயாராக இருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் நொய்டாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம், அழுத்தக் கணக்கெடுப்பில் "மிகவும் அழுத்தமாக இருக்கிறது" என்று சொன்ன ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியதாக ஒரு மின்னஞ்சல் நாடு முழுக்கப் பரவியது. யாரையும் நீக்கவில்லை, விழிப்புணர்வுக்காகத் திட்டமிட்டுச் செய்தது என்று அந்த நிறுவனம் பின்னர் சொன்னது. அது எப்படியோ போகட்டும். படித்தவர்கள் பலர் அதை உடனே நம்பினார்கள் என்பதைத்தான் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும்.

கவுன்சலிங் சேவையில் ரகசியம் கசியும் இடம் பெரும்பாலும் பில். சேவை நிறுவனம் மாதக் கடைசியில் அனுப்பும் பில்லின் இணைப்பில் ஊழியர் எண், தேதி, எத்தனையாவது அமர்வு என்று இருந்தால் முடிந்தது கதை. "இந்த மாதம் 41 அமர்வுகள்" என்று மட்டும் இருக்க வேண்டும். நேரம் ஒதுக்குவதை அலுவலக காலண்டரில் செய்தால் குழுவில் இருப்பவர்களுக்குத் தலைப்பு தெரியும். கண்ணாடி அறையில், அதுவும் மனிதவளப் பிரிவுக்கு எதிரே கவுன்சலரை உட்கார வைத்தால் யாரும் போக மாட்டார்கள். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் ரகசியத்தை மீற நேரும் என்பதை முதல் அமர்விலேயே, பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்யும் நிறுவனங்கள்கூடக் கோட்டைவிடும் ஓர் இடம் குழு மருத்துவக் காப்பீடு. ஆண்டு புதுப்பிப்புக்கு முன் டி.பி.ஏ. எனப்படும் காப்பீட்டுச் சேவை நிறுவனமோ தரகரோ 'கிளெய்ம் எம்.ஐ.எஸ்.' என்று, காப்பீட்டுத் தொகை கேட்டவர்களின் விவரம் அடங்கிய ஓர் எக்செல் தாள் அனுப்புவார்கள். ஊழியர் எண், நோயாளி பெயர், உறவு, மருத்துவமனை, சேர்ந்த நாள், நோயின் குறியீடு, கேட்ட தொகை, தந்த தொகை என்று நெடுவரிசைகள் ஓடும். குறியீட்டை மட்டும் போட்டால் யாருக்கும் புரியாது என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். எஃப்32 என்றால் மனச்சோர்வு. ஓ03 என்றால் கருச்சிதைவு. என்97 என்றால் பெண்ணுக்குக் கருத்தரிப்பதில் உள்ள குறைபாடு. பி20 என்றால் எச்.ஐ.வி. நோய். உறவு என்ற நெடுவரிசையில் 'மனைவி' என்று இருக்கும். அந்தப் பெண் இந்த நிறுவனத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார், அவருடைய கருச்சிதைவு கணவனின் மேலாளர் திறக்கக்கூடிய தாளில் இருக்கிறது. அப்பாவின் டயாலிசிஸ், அம்மாவின் புற்றுநோய் எல்லாம் அதே தாளில்.

புதுப்பிப்புக்குப் பேரம் பேச இவ்வளவு தேவையே இல்லை. மொத்தக் கிளெய்ம் எண்ணிக்கை, மொத்தத் தொகை, வயது வாரியாகப் பிரிவு, பெரிய தொகைக் கிளெய்ம்கள் எத்தனை என்பது போதும். காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தைக் கணக்கிட அதற்கு மேல் வேண்டியதை அதுவே தன் பதிவில் வைத்திருக்கிறது. இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். செலவுத்தொகையைத் திரும்பப் பெற மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியை மனிதவளப் பிரிவில் கொடுக்கச் சொல்வது தேவையற்றது. டி.பி.ஏ.வின் இணையதளத்தில் நாமே பதிவேற்றலாம். மூல பில்களை அவர்கள் முகவரிக்கே கூரியரில் அனுப்பலாம். நிறுவனத்திடமிருந்து தேவை காப்பீட்டு எண் மட்டும்.

"நாங்கள் தனிநபர் விவரம் பார்ப்பதில்லை, மொத்தக் கணக்குதான் பார்க்கிறோம்" என்று சொல்லும் நிறுவனங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: மொத்தம் என்றால் எத்தனை பேர்? ஏப்ரல் பலகையில் ஒரு குழுவில் 14 பேர், சர்க்கரை உள்ளவர்கள் 3. ஜூலைப் பலகையில் 15 பேர், சர்க்கரை உள்ளவர்கள் 4. நடுவில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரே ஒருவர். யாருக்குச் சர்க்கரை என்று கண்டுபிடிக்கக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் எண் இந்த மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அமெரிக்கக் கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். அஞ்சல் எண்ணுக்குப் பதில் துறையின் பெயரைப் போட்டால் ஒரு நிறுவனத்துக்குள் இன்னும் எளிது. எங்கள் கருத்தில் 50 பேருக்குக் குறைந்த எந்தப் பிரிவுக்கும் தனிக் கணக்கு காட்டக் கூடாது. எண்ணிக்கை 5-க்குக் கீழே வந்தால் "5-க்கும் குறைவு" என்றே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் பலகையைப் புதுப்பிக்கக் கூடாது.

அமெரிக்கா இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போய் அடிபட்ட நாடு. 2013-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், ஆரோக்கியக் கேள்வித்தாளை நிரப்பாத ஊழியருக்கு மாதம் 100 டாலர் பிடிப்போம் என்றது. கர்ப்பமாகும் எண்ணம் இருக்கிறதா என்பதுகூட அதில் ஒரு கேள்வி. ஆசிரியர்கள் எதிர்த்ததும் அபராதத்தை நிறுத்தி வைத்தது. 2018 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் 55 மாவட்ட ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும் காப்பீட்டுச் செலவும்தான் முக்கியக் கோரிக்கை என்றாலும், ஆரோக்கியச் செயலியில் புள்ளி சேர்க்காவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதல் என்ற திட்டம் அவர்கள் கோபத்தை மூட்டிய காரணங்களில் ஒன்று. இத்தனைக்கும் பலன் என்ன? சுமார் 33,000 ஊழியர்கள் உள்ள ஒரு நிறுவனத்தின் 160 கிளைகளில் இத்தகைய ஆரோக்கியத் திட்டத்தைப் பற்றி நடந்து, 2019-இல் வெளியான ஆய்வில் ரத்த அழுத்தத்திலோ கொழுப்பிலோ மருத்துவச் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இங்கேயும் நடைப்புள்ளிக்குப் பிரீமியத் தள்ளுபடி என்ற பேச்சு வந்துவிட்டது. தள்ளுபடியை எல்லோருக்கும் கொடுத்தால் அது சலுகை; தகவல் தர மறுப்பவருக்கு மட்டும் கிடைக்காதென்றால் அதை அபராதம் என்றே கொள்ள வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது? இன்றைய நிலையில் கையில் இருக்கும் கருவி 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவு எல்லாம் கூடுதல் கவனத்துடன் காக்க வேண்டிய நுண்ணிய தகவல்கள் என்று அவை சொல்கின்றன. எழுத்தில் ஒப்புதல் வேண்டும், தர மறுக்கலாம், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ஒரே குறை, இவை நிறுவனங்களுக்குத்தான். அரசு அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது.

2023-ஆம் ஆண்டின் எண்மத் (டிஜிட்டல்) தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். அதில் நல்லதும் உண்டு, கவலைப்பட வேண்டியதும் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம். ஒப்புதல் சரியாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் உடல்நலத் தகவலுக்கென்று தனிப் பாதுகாப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. 7-ஆவது பிரிவில் "வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காக" ஒப்புதல் இல்லாமலே தகவலைக் கையாளலாம் என்று ஒரு கதவு திறந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை முகாமையும் நடைப்போட்டியையும் அந்தக் கதவு வழியாக உள்ளே கொண்டுவர நிறுவனங்கள் முயலும். சலுகை என்று வரும்போது அந்தப் பிரிவு ஊழியர் தாமே கேட்டுப் பெறுவதைத்தான் பேசுகிறது. கேட்காமல் நடத்தும் முகாம் அதில் அடங்காது என்பதே எங்கள் வாதம். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவைப் புதிய சட்டம் நீக்கிவிடுகிறது. அபராதம் அரசுக்குப் போகும். வேலை போனவருக்கு ஒன்றும் வராது.

ஆகவே கையில் இருப்பதை இப்போதே பயன்படுத்துவது நல்லது. அடுத்த முகாம் அறிவிப்பு வந்ததும் மனிதவளப் பிரிவுக்கும் குறைதீர் அலுவலருக்கும் மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்:

"ஆண்டு உடல் பரிசோதனையில் எனக்குச் செய்யப்படும் சோதனைகளின் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் தரவும். முடிவுகளை என் சொந்தக் கைபேசி எண்ணுக்கு மட்டும் அனுப்பும்படி ஆய்வகத்துக்கு அறிவுறுத்தவும். என் வேலைக்கு அவசியமான பணித்தகுதிச் சான்றை நிர்வாகத்துக்கு அளிக்கச் சம்மதம். அளவுகள், நோயின் பெயர், மருந்து விவரம் ஆகியவற்றைப் பகிரச் சம்மதம் இல்லை. முந்தைய ஆண்டுகளின் என் அறிக்கைகள் உங்களிடம் இருந்தால், யார் யாருக்குத் தரப்பட்டன என்று தெரிவித்து, சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை நீங்கலாக மற்றவற்றை அழிக்கவும்."

தனியாக எழுதத் தயங்குபவர்கள் பத்துப் பேர் சேர்ந்து எழுதலாம். சங்கம் இருந்தால் சங்கத்தின் கடிதத்தாளில் எழுதலாம். அனுப்பிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குறைதீர் அலுவலர் தீர்வு சொல்ல வேண்டிய ஒரு மாதக் கணக்கு அன்றிலிருந்துதான்.

தமிழ்நாடு அரசிடமும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். 40 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஆண்டுப் பரிசோதனைக்கென்று நிறுவனங்கள் பின்பற்ற ஒரு படிவம் வேண்டும். அதில் நிர்வாகத்துக்கான பகுதி தனித் தாளாக, கிழித்தெடுக்கும்படி இருக்கட்டும். அந்தத் தாளில் நான்கு வரிகள் போதும்: தொழிலாளியின் பெயர், பரிசோதித்த நாள், தகுதி, கட்டுப்பாட்டுடன் தகுதி, தற்காலிகமாகத் தகுதியில்லை என்பவற்றில் ஒன்று, மருத்துவர் கையொப்பம். அளவுகள் உள்ள தாளின் அடியில், "முழு அறிக்கை என்னிடம் நேரில் தரப்பட்டது, தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது" என்று தொழிலாளி கையெழுத்திட ஓர் இடம் வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்பவராக இருந்தால் அவர் மொழியில்.

இப்படிக்கு,
தொழில் சுகாதாரப் பதிவேடுகளைக் கையாளும் பணியில் உள்ளவர்கள்,
சென்னை